ஆள் இல்லாத படம்

பிலிம் ரோல் வருகிற சின்னக் கறுப்பு டப்பாவின் சாம்பல் நிற மூடியைப் பெருவிரலால் நெம்பினால் 'டொப்' என்றொரு சத்தமும், கூடவே வினாகிரியும் புதுச் சப்பாத்தும் கலந்தாற்போல ஒரு மணமும் வரும். அந்த மணத்துக்காக நானும் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கைப் பொடியன்களும் அடிபட்டிருக்கிறோம். மணம் போன டப்பாக்கள் அம்மாவுக்கு. ஒன்றில் கற்பூரம், ஒன்றில் ஊசிகள், ஒன்றில் திருநீறு. திருநீற்று டப்பா என் காற்சட்டைப் பையில் எந்நேரமும் இருக்கவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அடையாள அட்டை எடுக்கும் வயது வரும்வரை அந்தக் கொழும்பில் ஒரு தமிழ்ப் பொடியனுக்கு வேறென்ன பாதுகாப்பு இருந்தது?

ரோல்கள் அப்பாவின் கமராவுக்கு வந்தவை. அந்தக் கமராவைப் பார்த்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். ஒரு சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மற்றக் கமராக்கள் ஒரு படம் எடுக்கிற பிலிமில் அது பாதி பாதியாக இரண்டு எடுக்கும். கொட்டாஞ்சேனையில் ஸ்டூடியோ வைத்திருந்த மரியதாஸ் அங்கிளிடம் ஏதோ கப்பல்காரன் விற்றுவிட்டுப் போன சாமான் அது. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் கிளார்க்காக இருந்த அப்பா, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஏறிப்போய் அதைப் பார்த்து, பார்த்து, கடைசியில் ஒருநாள் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். சட்டைப் பைக்குள் போடக்கூடியதாக இருந்ததால்தான் வாங்கினார். கழுத்து முறியப் பெட்டியும் மூன்று கால் ஸ்டாண்டும் தூக்கிக்கொண்டு திரிபவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். "பாரத்தைத் தூக்கினால் தோளைத்தான் நினைச்சுக்கொண்டு திரியவேணும். பிறகு எங்கை பாக்கிறது?" என்பார்.

ஸ்டாண்டுக்குப் பதிலாக அவரிடம் ஒரு சுருக்குப் பை இருந்தது. பழைய யன்னல் சீலையில் அம்மா தைத்துக் கொடுத்தது. போகும்போது வெறும் துணியாக மடித்துக் கொண்டுபோவார். போன இடத்தில் மண்ணை அள்ளிப் போட்டுக் கட்டி, ஒரு கல்லின்மேலோ மதிலின்மேலோ வைத்து, அதன்மேல் கமராவைப் புதைத்தாற்போல இருத்துவார். ஆடாது, அசையாது. வேலை முடிந்ததும் மண்ணைக் கொட்டிவிட்டு வெறும் துணியோடு வீட்டுக்கு. அப்பாவைப்போல எளிதாகப் பயணம் போன மனிதரை நான் கண்டதில்லை. அந்த எளிமைதான் எங்களை மாட்டிவிட்டது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. மலையோ, கடலோ, கோபுரமோ, எதுவாக இருந்தாலும் அதற்கு முன்னால் ஓர் ஆளை நிறுத்தாமல் படம் எடுக்கமாட்டார்கள். இடம் என்பதே ஆள் நிற்பதற்குத்தான். அந்தப் படங்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போகும். அங்கே இருப்பவர்கள் மலையைப் பார்க்கமாட்டார்கள், மெலிந்திருக்கிறோமா கொழுத்திருக்கிறோமா என்றுதான் பார்ப்பார்கள். அப்பா ஒருவர்தான் இதற்கு எதிர்க்கட்சி. அவருடைய படங்களில் ஆளே இருக்காது. அம்மாவுக்கு அது விளங்கவே விளங்காது.

"இஞ்சருங்கோ, வெறும் கடலை எடுத்து ஆருக்கு அனுப்பப்போறியள்? கடல் எங்கை ஓடிப்போகப்போகுதே?"

"ஆள் நிண்டால் எல்லாரும் ஆளைத்தான் பாப்பினம். பிறகு கடல் என்னத்துக்கு?"

ரோலைக் கழுவிப் படம் போட்டுத் தரும் மரியதாஸ் அங்கிளுக்கும் இது பொறுக்காது. அவர் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். வாயைத் திறந்தால் பகிடி. "அண்ணே, முழு ரோலையும் கழுவிப் பாத்துட்டேன், ஒரு மனுசன் இல்ல. கொழும்புல எல்லாரும் செத்துட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே படங்களை மேசையில் பரப்புவார். பிறகு அவரே ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்து, பகிடியை மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

சோதனைச் சாவடிகள் பஸ் தரிப்பிடங்களைவிட நெருக்கமாக இருந்த காலம் அது. வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்த கடுதாசி, பிளாஸ்டிக் உறைக்குள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். விருந்தாளி வந்தால் தேத்தண்ணி கொடுப்பதற்கு முன்பு, பதிந்துவிட்டாரா என்று கேட்கவேண்டும். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் கமராவோடு வெளிக்கிட்டார் என்றால் ஒன்றில் அவர் விசரராக இருக்கவேண்டும், அல்லது தன் நேர்மையில் அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கை வைத்தவராக இருக்கவேண்டும். அப்பா இரண்டாம் வகை. "நான் கந்தோருக்குப் போய்வாற ஆள். சிங்களம் எழுதுவன், வாசிப்பன். என்னட்டை என்ன கேக்கப்போறாங்கள்?" என்பார். அந்த நம்பிக்கையை நினைக்கையில்தான் எனக்கு இன்னும் கூடுதலாகக் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்காதீர்கள். வரிசையாக நிறுத்தினால் இந்தக் கட்டுரை முடியாது.

எனக்கு அப்போது எட்டாம் வகுப்பு. மழை கழிந்து முதல் தடவை வானம் வெளித்த ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாள். தெற்கே கரையோர ரயில் பாதையில், ஓர் ஆறு கடலில் விழும் இடம் இருக்கிறது. ஊரின் பெயரை நான் எழுதவில்லை. அப்பா இன்றைக்கும் அந்தப் பெயரைக் குரல் தாழ்த்தித்தான் சொல்வார். மழைக்குப் பிறகு அந்த ஆறு தேத்தண்ணி நிறத்தில் வரும். கடல் பச்சை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கத்தியால் வெட்டினாற்போல ஒரு கோடு தெரியும், வெயில் ஏறினால் கலங்கி மறைந்துவிடும். கந்தோர் வேலையாக ரயிலில் போனபோது அப்பா ஒருமுறை அதைக் கண்டுவிட்டார். அதற்குப் பிறகு மழைக்காலம் முழுவதும் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தும் அந்தக் கோட்டைப் பற்றித்தான் கதை.

விடிய முந்தி வெள்ளவத்தை ஸ்டேஷனில் 'கோச்சி' ஏறினோம். அப்பாவின் ஒரு சட்டைப் பையில் கமரா, மற்றதில் மேலதிக ரோல். என்னிடம் இரண்டு பாண் துண்டும் சுருக்குப் பையும். இறங்கி, ரயில் பாதையோரமாக நடந்து, தாழம்புதருக்குப் பின்னால் ஒரு மணல் திட்டுக்கு வந்தபோது அந்தக் கோடு அங்கே இருந்தது. நான் ஒரு சின்னக் குரங்கு. எனக்கு நிலக்காட்சியும் தெரியாது, நிலக்கடலையும் தெரியாது. ஆனாலும் வாய் பிளந்தேன். பழுப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம், நடுவில் நுரையாலான ஒரு மெல்லிய நூல், அதன்மேல் அப்போதுதான் விழுந்த வெயில். தூரத்தில், மூலையில், ரயில் பாலத்தின் ஒரு கால். பாலத்தை அப்பா எடுக்கவில்லை. அது அங்கே நின்றது, அவ்வளவுதான்.

அப்பா முழங்காலில் இருந்து, பைக்கு மண் அள்ளி, கமராவை இருத்தி, மூச்சைப் பிடித்து 'டிக்' என்று அமத்தினார். பல்லி சொன்னால்கூட அதைவிடச் சத்தம் கேட்கும். பொறுத்தார். முகில் ஒன்று விலகப் பிறகும் ஒரு 'டிக்'. நான் நண்டு கலைத்துக்கொண்டு குறுக்கே ஓட, "டேய், தள்ளி நில்லு! படத்துக்குள்ளை வராதை!" என்றார். கொஞ்ச நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார். கந்தோரில் இருந்து வரும்போதோ கோயிலில் நிற்கும்போதோ நான் கண்டிராத முகம் அது. "கிடைச்சிட்டுது, தம்பி" என்றார். அவ்வளவுதான். அந்தச் சந்தோசத்துக்கு ஒரு பாண் துண்டு சாப்பிடும் நேரம்தான் ஆயுள்.

பின்னால் "மெஹே வரென்!" என்று சத்தம். இங்கே வாடா என்பதற்கு அதைவிட மரியாதையான சிங்களம் எவ்வளவோ இருக்கிறது. பாலத்தைக் காவல் காத்த இரண்டு பேர், துவக்கோடு.

மண்மூட்டைகள் அடுக்கிய ஒரு கொட்டிலுக்குள் கொண்டுபோனார்கள். உள்ளே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. இளம் பிள்ளை, வழுவழு என்று சவரம் செய்த முகம், உரத்துப் பேசவில்லை, எங்களுக்குப் பிளேன்ரீ கொண்டுவரச் சொன்னார். அடித்திருந்தால் வெறுக்க வசதியாக இருந்திருக்கும். இத்தனை வருடமாக ஒரு நல்ல மனிதர் மேல் கோபமாக இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று உங்களுக்குத் தெரியாது.

எங்கள் சாமான்கள் மேசையில் வந்தன. அப்பாவின் அடையாள அட்டை, பிறந்த இடம் யாழ்ப்பாணம். மண் நிரப்பிய ஒரு சின்னத் துணிப் பொதி. என் காற்சட்டைப் பையில் இருந்து வெள்ளைத் தூள் நிரம்பிய ஒரு கறுப்பு டப்பா. உள்ளங்கைக்குள் மறையக்கூடிய ஒரு கமரா. அவற்றை அப்படி வரிசையாகப் பார்த்தபோது எனக்கே எங்கள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அந்த இடத்தில் நான் அதிகாரியாக இருந்திருந்தால் என்னை உடனே கைது செய்திருப்பேன்.

அதிகாரி திருநீற்றை மணந்து பார்த்தார், தும்மினார், மூடி வைத்தார். எல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது. எனக்குப் பாதி விளங்கியது, மீதியை அப்பா பிறகு சொன்னார்.

"பெரிய கமரா என்றால் கல்யாண வீட்டுக்காரன் என்று நினைப்போம். இது ஏன் இவ்வளவு சின்னது?"

"தூக்க லேசு, சேர்."

"ஒளிக்கவும் லேசு. இந்த மண் எதற்கு?"

"கமரா ஆடாமல் இருக்க."

"ஏன் ஆடவேண்டும்? உன் கை நடுங்குமா?"

"இல்லை, சேர்" என்றார் அப்பா. கையில் பிளேன்ரீக் கோப்பை கிண்கிணி என்று ஆடியது.

"என்ன எடுத்தாய்?"

"ஆறும் கடலும் சேருகிற இடம்."

"அதில் யார் நிற்கிறார்கள்?"

"ஒருவரும் இல்லை, சேர்."

"ஒருவரும் இல்லாத இடத்தை ஒருவன் எதற்குப் படம் எடுப்பான்?"

கந்தோரில் எவ்வளவோ கடிதங்களைச் சிங்களத்தில் எழுதிய மனிதருக்கு அந்த ஒரு கேள்விக்குச் சொற்கள் வரவில்லை. கடைசியில், "வெளிச்சம் வடிவாயிருந்தது" என்றார். காவலாளிகள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "இதை நான் அறிக்கையில் எழுதட்டுமா? சந்தேக நபர் சொல்கிறார், வெளிச்சம் வடிவாயிருந்ததாம்."

பிறகு என்னைப் பார்த்தார். "இவன் உன் மகனா? மகனை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்த தகப்பன், அவனை ஒரு படம்கூட எடுக்கவில்லையா?"

எனக்கு ஏன் பற்றி எரிகிறது என்றால், அது அம்மா கேட்டிருக்கக்கூடிய கேள்வி. எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் கேட்டிருப்பார்கள். அவ்வளவு நியாயமான கேள்வி, துவக்குக்குப் பக்கத்தில் இருந்து வந்தது.

இந்த இடத்தில்தான் நான் அப்பாவைக் காப்பாற்றத் தீர்மானித்தேன். என் சிங்கள அறிவு முழுவதும் இரண்டாம் மொழிப் பாடப்புத்தகத்தில் இருந்தும் தெருக் கிரிக்கெட்டில் இருந்தும் வந்தது. தெருவில் படித்ததை அங்கே சொன்னால் சுட்டிருப்பார்கள். ஆகவே பாடப்புத்தகத்தைத் திறந்தேன். கையிரண்டையும் தொடையோடு ஒட்டி, நெஞ்சை நிமிர்த்தி, "மகே நம" என்று என் பெயரைச் சொல்லி, நான் எட்டாம் வகுப்பில் படிக்கிறேன் என்று சொல்லி, அதோடு நிற்பாட்டாமல், நிற்பாட்டத் தெரியாமல், 'எங்கள் வீட்டுப் பசு' என்ற கட்டுரையை முதல் வரியில் இருந்து ஒப்புவிக்கத் தொடங்கினேன். எங்கள் பசு வெள்ளை நிறம். அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது எங்களுக்குப் பால் தரும்.

அதிகாரி அடையாள அட்டையைத் திருப்பி விலாசத்தைப் பார்த்தார். "வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில், பசு?"

"இல்லை, சேர்" என்றார் அப்பா.

"இருக்கு" என்றேன் நான். பதற்றத்தில் மனிதன் பசுவைக்கூட விட்டுக்கொடுக்கமாட்டான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பசு எடுபடவில்லை என்றதும் அடுத்த ஆயுதத்தை எடுத்தேன். தகப்பன் படம் எடுக்கக்கூடிய மகன்தான் நான் என்று காட்டவேண்டும் அல்லவா? மண்மூட்டைகளுக்கு முன்னால் போய், தலையை ஒரு பக்கம் சாய்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. சிரிப்பை மட்டும் விடவில்லை. துவக்கு வைத்திருந்தவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். இன்றைக்கும் விமான நிலையத்தில் சீருடையைக் கண்டால் என் கைகள் தாமாகவே தொடையோடு ஒட்டிக்கொள்கின்றன, பல் தாமாகவே வெளியே வருகிறது. கடவுச்சீட்டு பார்ப்பவர்கள் என்னைக் கொஞ்சம் மூளைக் குறைவு என்று நினைத்து விரைவாக அனுப்பிவிடுகிறார்கள்.

அதிகாரி எழுந்தார். "சரி. மகனை ஒரு படம் எடு, பார்ப்போம். எடுத்துவிட்டுப் போ."

விட்டுவிட்டார் என்றே நினைத்தோம். வெளியே கொண்டுவந்து, பாலம் தெரியாத பக்கமாக என்னை நிறுத்தினார்கள். கோடு அதற்குள் கலங்கி மறைந்துவிட்டிருந்தது. அப்பா கமராவைக் கண்ணில் வைத்தார். பைக்குள் மண் இல்லை, கொட்டிவிட்டார்கள். கமரா அவருடைய கையோடு சேர்ந்து ஆடியது. 'டிக்'. அதிகாரி தலையசைத்துவிட்டுக் கையை நீட்டினார். அப்பா கமராவைக் கொடுத்தார். அதிகாரி அதைத் திருப்பி, பின்மூடியைத் திறந்து, பிலிமின் நுனியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார்.

அவசரப்படவில்லை. கிணற்றில் வாளி இழுப்பதுபோலக் கைக்குமேல் கை வைத்து, முழுவதும் வரும்வரை இழுத்தார். சுருள் சுருளாக அது வெயிலில் விழுந்தது, ஏதோ ஒரு பிராணியின் குடல் மாதிரி. அப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கிடைச்சிட்டுது என்று சொன்ன அந்தக் கோடு அதற்குள் இருந்தது. பல் காட்டி அழுத நானும் அதற்குள்தான் இருந்தேன்.

"கோபிக்காதே. என் வேலை" என்றார் அதிகாரி. கமராவைத் திருப்பிக் கொடுத்தார். பிலிமையும் கொடுத்தார்.

அப்பா சொன்னார்: "பொஹொம ஸ்தூதியி, சேர்." மிகவும் நன்றி, ஐயா.

என் கோபம் முழுவதும் அந்த நன்றியில்தான் நிற்கிறது. எடுத்ததைவிட, எடுத்தவனுக்கு நன்றி சொல்லவைத்தது. அப்பா சரியாகத்தான் செய்தார், அதைச் சொல்லியிருக்காவிட்டால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனோ தெரியாது. எல்லாம் தெரியும். தெரிந்தும் எரிகிறது. ஒரு மனிதர் தன் வாழ்நாளில் 'கிடைச்சிட்டுது' என்று சொன்ன ஒரே படத்தை வெயிலில் காயப்போட்டுவிட்டு, அவரிடமே நன்றியும் வாங்கிக்கொண்டு போன காலத்தை 'அந்தக் காலம் கஷ்டமான காலம்' என்று சொல்லித் தாண்டிப்போகிறவர்களைக் கண்டால் பிடரியில் ஒன்று போடவேண்டும்போல இருக்கிறது.

அப்பா அந்தப் பிலிமைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த வாரமே என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். வெளிச்சம் பட்ட அந்தப் பிலிமை மரியதாஸ் அங்கிளின் மேசையில் வைத்து, "ஒருக்காக் கழுவிப் பாரும்" என்றார். மரியதாஸ் அங்கிளுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. உள்ளே கொண்டுபோய்க் கழுவினார். அவர் வெளியே வர நெடுநேரம் ஆனது. அந்த நேரம் முழுவதும் அப்பா சுவரில் மாட்டியிருந்த கல்யாணச் சோடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, முழுக்கக் கறுப்பு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா குடுத்தீங்க?"

"ஒருக்காப் பாப்பமெண்டுதான்."

அங்கிள் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "இனிமே தம்பிய முன்னால நிப்பாட்டுங்க அண்ணே. ஒரு ஆள் நின்னா அது குடும்பப் படம். ஆள் இல்லாட்டி அது கேஸ்" என்றார். அன்றைக்கு அவருடைய குரலில் பகிடி இல்லை.

அதன்பிறகு நான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றேன். கண்டி வாவிக்கு முன்னால் நின்றேன். நுவரெலியாவில் ஒரு முழுத் தேயிலை மலையை என் கம்பளிச் சட்டையால் மறைத்தேன். போர்நிறுத்தத்தில் பாதை திறந்து யாழ்ப்பாணம் போனபோது, ஆனையிறவு உப்பு வெளியில், அடிவானம்வரை ஒன்றுமே இல்லாத அந்த வெள்ளைப் பரப்பில், சரியாக நடுவில் மீசை அரும்பிய முகத்தோடு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். "நடுவிலை நில்லு. கையைக் கட்டாதை. சிரி" என்பார் அப்பா. படத்துக்குள் வராதே என்று கத்தியவர்.

வருடம் செல்லச் செல்ல நான் கொழுத்தேன், நிலக்காட்சி மெலிந்தது. அந்த ஆல்பத்தை ரொறன்ரோவில் இருந்து வந்த சித்தி ஒருநாள் பக்கம் பக்கமாகப் பார்த்து, மூக்கைச் சீறி, "உன்னிலை கொப்பருக்கு எவ்வளவு உயிரடா! உன்னை விட்டு ஒரு படம் எடுக்கேல்லையே மனுசன்!" என்று சொன்னார். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டுக் குசினிக்குள் போய் வீடு கூட்டுகிற தும்புத்தடியை முறித்தேன். அவர் என்னை எடுக்கவில்லை, சித்தி. ஒரு படத்திலும் அவர் என்னை எடுக்கவில்லை. நான் பாஸ். கந்தோர்களில் வாசலில் காட்டிவிட்டு உள்ளே போவோமே, அந்தப் பாஸ்.

இப்போது நிலைமை வேறு என்கிறார்கள். வேறுதான். வெள்ளவத்தைக் கடற்கரையில் ரயில் தண்டவாளத்துக்கு நடுவில் கல்யாணச் சோடிகள் படுத்துக்கிடந்து படம் எடுக்கிறார்கள். என் மகளின் வயதுப் பிள்ளைகள் ஆகாயத்தில் பறக்கும் கமராவை அந்த ஆற்றுக்கு மேலேயே விட்டு, அதே கோட்டை, ரயில் பாலத்தோடு சேர்த்து, பாட்டும் போட்டு, ஃபோனில் ஏற்றுகிறார்கள். அதன் கீழே ஆயிரம் பேர் இருதயம் போடுகிறார்கள். ஒருவரும் 'மெஹே வரென்' என்று கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பொய். அவர்கள் மேலும் கோபம்தான்.

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அம்மாவும் மரியதாஸ் அங்கிளும் இல்லை, ஸ்டூடியோ இருந்த இடத்தில் ஃபோன் உறைகள் விற்கிறார்கள். கண்ணில் புரை எடுத்த பிறகு, "நிறமெல்லாம் கழுவிவிட்ட மாதிரிக் கிடக்கு" என்று அப்பா சொன்னதைக் கேட்டு, சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு டிஜிற்றல் கமராவை வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்து நிறுத்துப் பார்த்தார். "லேசுதான்" என்றார். நான் கேட்ட ஒரே பாராட்டு.

போன மாதம் மழை விட்ட ஒரு பின்னேரம், வெள்ளவத்தை வாய்க்கால் கடலில் விழும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஆற்றுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. பிளாஸ்டிக் போத்தலும் ஒற்றைச் செருப்பும் மிதந்து வருகின்றன. ஆனாலும் மழைக்குப் பிறகு வாய்க்காலும் பழுப்பு, கடலும் பச்சை, வெளிச்சமும் சரிந்திருந்தது. நடுவில் ஒரு கோடு. அப்பா அதைக் கண்டுவிட்டார். நடை நின்றது. கமராவை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு கீழே இறக்கி, இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். வேர்க்க வேர்க்க நடந்துபோன ஒரு பெண்ணைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை.

"போய் முன்னுக்கு நில்லு" என்றார்.

"இப்ப ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம் அப்பா. சும்மா எடுங்கோ."

"நில்லடா எண்டால் நில். வெளிச்சம் போகுது."

வாதாடினால் அவர் கமராவைப் பைக்குள் வைத்துவிடுவார் என்று தெரியும். ஆகவே போனேன். கருங்கல் அணைக்கு முன்னால், நடுவில், கையைக் கட்டாமல், பல்லைக் காட்டிக்கொண்டு, நாற்பதைத் தாண்டிய ஒரு பாஸாக நின்றேன். அப்பாவின் விரல் பொத்தானில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது தொடுகிற நேரம் பார்த்துத் தொப்பென்று நிலத்தில் விழுந்து குப்புறப் படுத்துவிட்டேன்.

முழங்கால் இரண்டும் கூக்குரல் போட்டன. நடந்துபோன பெண் எனக்கு மாரடைப்பு என்று நினைத்து, "ஐயோ அங்கிள்!" என்று ஓடிவந்தார். எனக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்து, அவசரமாக நெஞ்சைத் தடவிப் பார்த்தேன். இல்லை, வெறும் வயது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தபோது அப்பா கமராவின் சின்னத் திரையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பழுப்பு. பச்சை. நடுவில் நூல்போல நுரை. ஆள் இல்லை.

"நீ எங்கையடா?" என்றார்.

"காலிடறிப்போச்சு அப்பா."

அவர் திரும்பவும் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். சாய்த்துப் பார்த்தார், தூரப் பிடித்துப் பார்த்தார். பிறகு திரையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வீதிப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"வடிவாத்தான் வந்திருக்கு" என்றார் மெதுவாக. பிறகு இன்னும் மெதுவாக, "இதை அழிக்கிறது எந்தப் பட்டன்?"

கமராவின் வலப்பக்க மூலையில், குப்பைக் கூடைப் படம் போட்ட சின்னப் பொத்தான் அது. அவருடைய பெருவிரல் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"எனக்கும் தெரியாதப்பா" என்றேன்.